திறப்பு விழாவுக்கு அடுத்த மாதம்

தை பிறந்தால் பெக்டரி கேட்டுக்குக் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிக்குக் கிண்ணம், கழகத்துக்கு ஜேர்சி, பங்குனியில் கோயில் திருவிழாவுக்கு அன்னதானம், நோன்பு காலத்தில் கஞ்சிக்கு அரிசி, வெசாக்குக்கு இலவச உணவு கொடுக்கும் தன்சல். திருகோணமலையில் மூன்று சமூகமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறபடியால் வருடத்தில் ஒரு மாதம்கூட மேசை காலியாக இருக்காது. எல்லாக் கடிதத்திலும் சீல் இருக்கும், தலைவர், செயலாளர் கையொப்பம் இருக்கும், கடைசி வரியில் தங்கள் மேலான ஒத்துழைப்பை எதிர்பார்ப்பார்கள். எதற்கு ஓம் சொல்வது, எதற்கு மாட்டேன் என்பது என்று எந்த முகாமைத்துவப் படிப்பிலும் சொல்லித்தரமாட்டார்கள்.

நான் சீனக்குடாப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் மேற்பார்வையாளராகச் சேர்ந்து உற்பத்தி முகாமையாளராக ஓய்வு பெற்றவன். வேலை நேரம் போக மிச்ச நேரமெல்லாம் ஊர் வேலை. வீட்டில் அதைப் பற்றி வேறு மாதிரிச் சொல்வார்கள், அது இப்போது வேண்டாம். இன்றைக்கு அதே மாதிரிக் கதிரைகளில் இருக்கும் தம்பி, தங்கைகள் சிலர், "சேர், நாங்களும் ஏதாவது செய்யவேணும், எங்கே தொடங்குவது?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தொடங்க வேண்டிய இடம் கேட்டுக்கு உள்ளேதான். என்னை வேலைக்கு எடுத்த முகாமையாளருக்கு ஒரு பழக்கம் இருந்தது. நன்கொடைக் காசோலை கையொப்பத்துக்குப் போனால், அந்த மாத ஊழியர் சேமலாப நிதி (ஈ.பி.எப்.) கட்டிய ரசீதையும் கூட வைக்கச் சொல்லுவார். ரசீது இல்லையென்றால் காசோலை அப்படியே திரும்பி வரும். ஊழியர் பங்கு 8 வீதம், கொம்பனி பங்கு 12 வீதம், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதி (ஈ.ரீ.எப்.) 3 வீதம். 1958ஆம் ஆண்டுச் சட்டமும் 1980ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்வது இதைத்தான். அடுத்த மாதம் முடிவதற்குள் கட்டியாக வேண்டிய காசை இழுத்தடித்துக்கொண்டு, வெளியே போய் ஏழைப் பிள்ளைகளுக்குப் புத்தகப் பை கொடுப்பதில் என்ன இருக்கிறது? பை வாங்கும் பிள்ளையின் தகப்பன் உங்கள் பெக்டரியிலேயே மேன்பவர் கொன்றாக்டில் ஈ.பி.எப். இல்லாமல் சாமான் ஏற்றிக்கொண்டிருக்கலாம். ஒப்பந்தக்காரரின் பில்லைப் பாஸ் பண்ணும்போது, அந்த ஆட்களுக்கு ஈ.பி.எப். கட்டிய சீ படிவத்தின் பிரதியும் வேண்டும் என்று ஒரு விதி போட்டுப் பாருங்கள். அதற்குச் செலவே இல்லை. இரண்டு மாதம் ஒப்பந்தக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான்.

தூசும் அப்படித்தான். பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் வேட்டி பின்னேரத்துக்குள் சாம்பல் நிறமாகிறதென்றால், அந்த வீட்டுப் பிள்ளைக்குப் புலமைப்பரிசில் கொடுத்து அதைச் சரிக்கட்ட முடியாது. பில்டர் பைகளை நேரத்துக்கு மாற்றுவதுதான் அந்த வீட்டுக்குச் செய்யும் சேவை. இதை மேலிடக் கூட்டத்தில் சொன்னபோது சிலருக்கு அது ரசிக்கவில்லை. பில்டர் பை மாற்றுவதைப் படம் பிடித்து வருடாந்த அறிக்கையில் போட முடியாதே.

சரி, அந்தக் கடிதங்களுக்கு வருவோம். தனி ஆளாக முடிவெடுத்தால் இரண்டு வருடத்தில் உங்கள் பெயர் கெட்டுவிடும். அந்தக் கோயிலுக்குக் கொடுத்தான், இந்தப் பள்ளிக்குக் கொடுக்கவில்லை, சிங்களப் பாடசாலைக்கு மட்டும் குறைத்தான் என்று பேச்சு வரும். நாங்கள் நலன்புரிச் சங்கத்தில் ஒரு குழு போட்டோம். மெஷின் பக்கத்தில் நிற்பவர்களும் இருக்க வேண்டும், மூன்று சமூகத்தவரும் இருக்க வேண்டும், பெண்கள் கட்டாயம். மாதத்தில் ஒரு நாள், தேநீர் நேரத்தில், எல்லாக் கடிதமும் ஒன்றாக மேசைக்கு வரும். ஊழியர் சம்பளத்தில் சிறு தொகை கழிப்பதற்கு ஒவ்வொருவரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கினோம். வேண்டாம் என்றவரை மேற்பார்வையாளர் ஒரு சொல் கேட்கக்கூடாது என்பதும் விதி. வரவு செலவு நோட்டீஸ் போர்டில் தமிழிலும் சிங்களத்திலும் தொங்கும். குழு வந்த பிறகு என் மேசையில் கோபக் கடிதங்கள் குறைந்தன. இன்னொன்றும் தெரிய வந்தது. எந்தச் சங்கம் உண்மையில் இயங்குகிறது, எது சீலில் மட்டும் இருக்கிறது என்பது மெஷின் ஒப்பரேட்டருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

ஆனால் கடிதத்துக்குப் பதில் கொடுப்பதைச் சேவை என்று நான் நினைக்கவில்லை. அது நல்லுறவு, தேவைதான். நான் கற்றுக்கொண்டதெல்லாம் ஒரு தண்ணீர் மெஷினிடமிருந்து.

கன்னியாவைத் தாண்டி உள்ளே போனால் ஒரு கிராமம். பெயர் வேண்டாம், அந்த மக்கள் வெட்கப்படுவார்கள். கிணற்றுத் தண்ணீர் கடினம், கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படையாகப் பிடிக்கும். மாவட்டத்தின் வடமேற்கு மூலையில் பதவிசிறிபுரப் பக்கம் சிறுநீரக நோய் பரவியதைக் கேட்டுக் கேட்டு இவர்களுக்கும் பயம். வெளிநாட்டிலிருந்து ஒரு நல்ல மனிதர் தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. மெஷின் ஒன்று வாங்கிக் கொடுத்தார். பந்தல், நாடா வெட்டு, பிரதம அதிதி, பிள்ளைகளின் வரவேற்பு நடனம் என்று எல்லாம் முறையாக நடந்தது. கல்வெட்டில் பதினொரு பேருடைய பெயர். அதிலே மெஷினை ஓட்டப்போகிறவருடைய பெயர் மட்டும் இல்லை.

வருடம் திரும்புவதற்குள் மெஷின் நின்றுவிட்டது. எங்கள் பெக்டரியில் வேலை செய்த ஒரு பிள்ளை அந்த ஊர். அவர் கேட்டதால், பராமரிப்புப் பிரிவு ஃபிற்றர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு ஒரு போயா தினத்தில் போனேன். அறை பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்த தம்பி கட்டாருக்குப் போய்விட்டார். பூட்டை உடைத்து உள்ளே போனால், முன் பில்டர் மண்ணிறத்தில் சேறாக அடைத்துக் கிடக்கிறது. படிவு தடுக்கும் மருந்து ஊற்றும் பீப்பாய் காய்ந்து சிலந்தி வலை. மின்சார பில், சங்கத்தின் முன்னாள் தலைவர் ஒருவருடைய பெயரில், மூன்று மாத நிலுவை. மெஷினில் பெரிய பழுது எதுவும் இல்லை. அதை ஓட்டுவதற்கு ஆள் இருக்கவில்லை.

பில்டரை மாற்றி, உப்பைப் பிடிக்கும் சவ்வான மெம்பிரேனை அமிலக் கரைசலில் கழுவி, கழுவியும் திரும்பாத ஒன்றைப் புதிதாகப் போட்டு ஓடவைத்தோம். அந்தப் பகுதி ஒரு நாள் வேலை. அதற்குப் பிறகு நடந்ததுதான் நீளம்.

முதலில் ஒரு கொப்பி. திகதி, பில்டருக்கு முன் அழுத்தம், பின் அழுத்தம், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டீ.டீ.எஸ். மீட்டர் காட்டும் அளவு, எத்தனை லீற்றர், யார் கையொப்பம். ஆறே ஆறு நிரல். முன்னுக்கும் பின்னுக்கும் அழுத்த வித்தியாசம் ஏறிக்கொண்டே போனால் பில்டர் அடைக்கிறது. அதே அழுத்தத்தில் தண்ணீர் வரத்து பத்து வீதம் அளவில் குறைந்தால் மெம்பிரேனைக் கழுவும் நேரம் வந்துவிட்டது. நல்ல மெம்பிரேன் உப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பிடித்துவிடும், பிடிக்காமல் மீட்டர் ஏறினால் எங்கேயோ ஒழுகுகிறது. இவ்வளவையும் எட்டாம் வகுப்புப் படித்த ஒரு அக்கா அரை நாளில் பிடித்துக்கொண்டார். எங்கள் ட்ரெயினி இஞ்சினியர்கள் இதற்கு ஒரு வாரம் எடுத்தார்கள்.

பொறுப்பை மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திடம் கொடுத்தோம். ஆண்களின் சங்கத்தில் கொஞ்சம் மனத்தாங்கல் வந்தது. தண்ணீர் எடுக்க யார் வருகிறார்களோ அவர்களிடம் சாவி இருக்கட்டும் என்றேன். இரண்டு சாவி, இரண்டு வீடு. ஒரே வீட்டில் இரண்டு சாவியும் இருந்தால் அது ஒரு சாவிதான்.

விலை வைப்பதுதான் பெரிய சண்டை. "குடிக்கிற தண்ணிக்குக் காசு வாங்கிறதா? பாவம் சுமக்கப் போறீங்க தம்பி," என்று ஒரு ஆச்சி கூட்டத்தில் எழும்பி நின்று கேட்டார். அவருக்குப் பதிலாகப் பழைய பில்டரைத்தான் காட்டினோம். கையில் வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "இதையா இவ்வளவு நாளும் குடிச்சனாங்கள்?" என்றார். லீற்றருக்கு இவ்வளவு சதம் என்று முடிவானது. அதில் ஒரு பங்கு ஓட்டுகிறவருக்கு, ஒரு பங்கு மின்சாரத்துக்கு, மிச்சம் வங்கியில், பில்டருக்கும் மெம்பிரேனுக்கும். கொடுக்க முடியாத குடும்பங்கள் யார் என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியும். பட்டியல் எழுதி ஒட்டவேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அந்த வீட்டுத் தண்ணீர்க் கான்களும் மற்றக் கான்களோடு வரிசையில் நிரம்பும், கொப்பியிலும் வித்தியாசம் தெரியாது.

இன்னொரு விஷயம், மெஷின் கொடுக்கிறவர்கள் எவரும் யோசிப்பதில்லை. சின்ன ஆர்.ஓ. மெஷினில் ஒரு லீற்றர் நல்ல தண்ணீருக்கு ஏறக்குறைய ஒரு லீற்றர் உப்புத் தண்ணீர் கழிவாகப் போகும். அங்கே அது பக்கத்துக் கத்தரிப் பாத்திக்குள் போய்க்கொண்டிருந்தது, இலை ஓரமெல்லாம் கருகிப்போயிருந்தது. குழாயைத் திருப்பிப் பாடசாலை மலசலகூடத் தாங்கிக்குக் கொடுத்தோம்.

ஸ்டோர்ஸ் முறையும் அங்கே போனது. பெக்டரியில் எந்தச் சாமானுக்கும் ஒரு சிவப்புக் கோடு உண்டு, இருப்பு அதற்குக் கீழே போனால் ஓர்டர் போட்டாக வேண்டும். கொழும்பிலிருந்து பில்டர் வர நாளாகும் என்பதால், மெஷினில் ஒன்று, றாக்கையில் ஒன்று. றாக்கையிலிருந்து எடுத்த அன்றே அடுத்ததற்குச் சொல்ல வேண்டும். இது சொல்லும்போது சின்ன விஷயமாகத்தான் தெரியும். நன்கொடையாக வந்து நின்றுபோன மெஷின்கள், கணினிகள், ஜெனரேட்டர்கள் நம் மாவட்டத்தில் எத்தனை அறைக்குள் தூசு பிடித்துக் கிடக்கின்றன என்று பார்த்தால், அநேகமானவற்றுக்குத் தேவைப்பட்டது றாக்கையில் ஒரு உதிரிப்பாகம்தான். அதனால் இப்போது யார் எதைக் கொடுக்க வந்தாலும் நான் கேட்பது, திறப்பு விழாவுக்கு அடுத்த மாதம் இதை யார் ஓட்டுவார், அவருக்கு யார் காசு கொடுப்பார் என்றுதான். பதில் சொல்லத் தெரியாதவர்கள் கோபித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். போகட்டும்.

சுனாமியைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். உள்துறைமுகப் பக்கம் பெரிய அழிவில்லை. கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளி என்று கரையோரம் முழுக்க அடிபட்டது. கிண்ணியா வைத்தியசாலையே போய்விட்டது. அப்போது கிண்ணியாப் பாலமும் இல்லை, பாதை என்கிற மிதவைப் படகில்தான் கடக்கவேண்டும். 396 மீற்றர் நீளமான அந்தப் பாலம் 2009 ஒக்டோபரில்தான் திறந்தார்கள். பாதை ஒரு தரம் போய்வர எடுக்கும் நேரத்தில் கரையில் லொறிகள் வரிசையாக நிற்கும். அந்த வரிசையில் பாதி லொறி பழைய துணி. கம்பளிக் கோட்டு, ஹீல்ஸ் சப்பாத்து, கிழிந்த படுக்கை விரிப்பு. வெயிலில் பிரித்துப் போட்ட துணிகளை ஆடு மேய்ந்ததை நான் பார்த்தேன்.

எங்கள் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் கிண்ணியாவைச் சேர்ந்த நானா ஒருவர். தன் சொந்தத்தில் ஆட்களை இழந்தவர். இரண்டு கிழமைக்குள் ஸ்டோர்ஸில் இருப்பு எழுதும் பின் கார்ட் ஒரு கட்டோடு முகாமுக்குப் போய் நின்றார். ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு கார்ட்டைக் கட்டி, வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று எழுதத் தொடங்கினார். மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது, பருப்பு குவிகிறது, சமைக்கச் சட்டி இல்லை. சீலை மலையாக இருக்கிறது, உள்ளாடை ஒன்றுகூட இல்லை. பெண்களுக்கு மாதவிடாய்த் துணி இல்லை, அதை ஆண்களிடம் அவர்கள் கேட்கவும் இல்லை. எங்கள் ஒப்பீஸ் பெண் பிள்ளைகள் இரண்டு பேர் போய்ப் பேசிய பிறகுதான் அது வெளியே வந்தது. இன்றைக்கும் வெள்ளம், சூறாவளி என்றால் நான் செய்யச் சொல்வது அதுதான். லொறியை அனுப்புவதற்கு முதல் கொப்பியோடு ஒரு ஆளை அனுப்புங்கள். போகிற ஆள் பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது.

கிணறு விஷயத்தில் எல்லோரும் அவசரப்பட்டார்கள். கடல் தண்ணீர் ஏறிய கிணறுகளை மோட்டார் வைத்து இறைத்து இறைத்துச் சுத்தமாக்கிவிடலாம் என்று வந்த தொண்டர் குழுக்கள் நினைத்தன. எங்களிடமும் பெரிய பம்ப் கேட்டார்கள். நம் கரையோர மணலுக்குக் கீழே நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேல் மெல்லிய படையாக மிதந்துகொண்டிருக்கிறது. மேலே பலமாக இறைத்தால் கீழே இருக்கும் உப்பு எழும்பி வரும். சேற்றையும் குப்பையையும் அள்ளுகிற அளவுக்கு மெதுவாக இறைத்துவிட்டு, குளோரின் போட்டு, மழைக்கு விட்டுவிடுவதுதான் வழி. அதுவரைக்கும் பவுசரில் தண்ணீர் கொடுக்கவேண்டும். இதை விளங்கப்படுத்தி, பம்ப் தரமுடியாது, பவுசர் தருகிறோம் என்று சொன்னதற்கு நான் வாங்கிய பேச்சு கொஞ்சமல்ல. குளோரின் போடுவதிலும் கண்மதிப்பு வேண்டாம். கிணற்றின் விட்டத்தையும் தண்ணீரின் ஆழத்தையும் அளந்து கனவளவைக் கணக்குப் போட்டுத்தான் போடவேண்டும். அரை மணித்தியாலம் கழித்து மீந்திருக்கும் குளோரின் லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் அளவில் இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) அதற்கான சோதனைப் பெட்டி இருக்கும், கேட்டால் வந்து காட்டுவார்.

இரத்ததானம் இன்னொரு பாடம். கொம்பனி பிறந்த நாளில் ஒரே நாளில் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி இரத்தம் கொடுக்க வைத்துப் பத்திரிகையில் படம் போடுவது வழக்கம். இரத்த வங்கிக்கு அது சங்கடம். செங்குழியம் ஐந்தாறு கிழமைதான் தாங்கும், குருதிச் சிறுதட்டு ஐந்து நாள். நம் மாவட்டத்தில் மாரி மழைக்குப் பிறகு டெங்கு கூடும், அப்போதுதான் சிறுதட்டு தேவைப்படும். ஆனால் எங்கள் ஆட்கள் எல்லோரும் ஒக்டோபரில் கொடுத்து முடித்திருப்பார்கள். ஒரு தரம் கொடுத்தவர் நாலு மாதம் பொறுக்கவேண்டுமே. அதனால் ஷிப்ட் வாரியாகப் பிரித்தோம். ஏ ஷிப்ட் ஒரு மாதம், பி ஷிப்ட் அடுத்த மாதம். எந்த மாதம் என்பதை இரத்த வங்கி சொல்லட்டும், கொம்பனி நாட்காட்டி சொல்ல வேண்டாம்.

பெக்டரிக்காரர் கவனிக்க வேண்டிய ஒன்று இதில் இருக்கிறது. இரவு ஷிப்ட் முடித்து வருகிறவரிடம் இரத்தம் எடுக்க விடாதீர்கள். தூங்கி, சாப்பிட்டுவிட்டு வரட்டும். கொடுத்த அன்றைக்கு உயரத்தில் ஏறும் வேலை, கிரேன், ஃபோர்க்லிஃப்ட் எதுவும் கூடாது. அந்த நாளுக்குச் சம்பளத்தில் குறைப்பு இல்லை என்பதையும் எழுத்தில் போடுங்கள். நாள் சம்பளக்காரர் ஒருவர் ஓ.டி. போய்விடும் என்று மயக்கத்தை மறைத்துக்கொண்டு ஏணியில் ஏறியதற்குப் பிறகு போட்ட விதி இது. நல்ல வேளை, இரண்டாம் படியில் உட்கார்ந்துவிட்டார்.

டெங்குவைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2017இல் நாடு முழுக்க 1,86,000 பேருக்கு மேல் டெங்கு. கிண்ணியா அதில் மோசமாக அடிபட்டது. ஊருக்குள் சிரமதானம் செய்யலாம் என்று ஊழியர்கள் கிளம்பியபோது, முதலில் எங்கள் பழைய இரும்பு அடுக்கும் யார்டைப் பார்க்கச் சொன்னேன். டயர், வெட்டிப்போட்ட பைப், கவிழ்க்காத பீப்பாய், அடைத்த பீலி. நுளம்பு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஒரு கிழமை, பத்து நாள் போதும். ஆகவே வெள்ளிக்கிழமைதோறும் இருபது நிமிடம், பிரிவுக்கு ஒருவர், கையொப்பத்தோடு. மாதம் ஒரு தரம் செய்யும் பிரமாண்ட சிரமதானம் நுளம்புக்கு மூன்று கிழமை விடுமுறை கொடுக்கிறது.

இவற்றில் எனக்கு மிகப் பிடித்தது பயிலுனர் வேலை. சம்பூர் மக்கள் 2006இல் இடம்பெயர்ந்து, கிளிவெட்டிப் பக்கம் முகாம்களில் இருந்து, 2015க்குப் பிறகுதான் திரும்பினார்கள். முகாமிலேயே வளர்ந்த பையன்கள். படிப்பு பாதியில், கையில் சான்றிதழ் எதுவும் இல்லை. அதில் ஒருவன் படகு என்ஜின் திருத்தும் கொட்டிலில் வெல்டிங் பழகியவன். முதல் நாள் ரப்பர் செருப்போடு வந்தான். சப்பாத்து இல்லாமல் வேர்க்‌ஷாப்புக்குள் விடமுடியாது. கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். எங்கள் தலைமை ஃபிற்றர், கொஞ்சம் கடுகடுப்பான மனிதர், ஒன்றும் பேசாமல் போய்த் தன் லொக்கரிலிருந்து பழைய பாதுகாப்புச் சப்பாத்தைக் கொண்டுவந்து, முன்பக்கத்தில் துணியைத் திணித்து, "போட்டுட்டு வா," என்றார். பையன் போட்ட வெல்டைத் தட்டி, கசட்டை உதிர்த்துவிட்டுப் பார்த்தார். நாணயம் அடுக்கிவைத்த மாதிரி ஒரே சீராக வரி வரியாக இருந்தது. "யாரடா பழக்கினது?" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

அவனுக்குத் தேவைப்பட்டது ஒரு கடதாசிதான். முன்பே கற்றதை அங்கீகரிக்கும் முறையில் தேசிய தொழிற்தகைமைச் (என்.வீ.கியூ.) சான்றிதழ் எடுக்கலாம் என்பது அநேகம் பேருக்குத் தெரியாது. வகுப்புக்குப் போகத் தேவையில்லை. செய்த வேலைக்கான ஆதாரங்களைக் கோவையாகக் கொடுத்து, மதிப்பீட்டாளர் முன் செய்து காட்டவேண்டும். தொழில் பயிலுனர் பயிற்சி அதிகார சபை (நைட்டா) அல்லது தொழிற்பயிற்சி அதிகார சபைக் கிளையில் விசாரிக்கலாம். உங்கள் பெக்டரிக்கு இதில் போகும் செலவு சில வெல்டிங் கூரும் ஒரு கடிதமும். அந்தக் கடதாசியோடு அவன் எடுக்கும் சம்பளம், நான் வாழ்நாள் முழுக்கக் கொடுத்த புத்தகப் பைகளை விட அந்த வீட்டுக்குப் பெறுமதி.

பயிலுனர்கள் பாதியில் நிற்பதற்குக் காரணம் சோம்பல் என்று முகாமையாளர்கள் சொல்வார்கள். நானும் கேட்டு நம்பியிருப்பேன், விசாரிக்காமல் விட்டிருந்தால். மூதூரிலிருந்து வர பஸ் காசு, மத்தியானச் சாப்பாடு, இந்த இரண்டும்தான் காரணம். கொடுப்பனவு மாத முடிவில் வருகிறது, பஸ் நடத்துனர் காலையிலேயே கேட்கிறார். கொடுப்பனவைக் கிழமைக்குக் கிழமை கொடுக்கத் தொடங்கியதும் நிற்பது குறைந்தது. கணக்குப் பிரிவுக்குக் கொஞ்சம் கூடுதல் வேலைதான், முணுமுணுத்தார்கள். சாப்பாட்டு மண்டபத்தில் பயிலுனருக்கும் ஊழியர் விலை என்று ஆக்கினோம்.

கதிர்காமப் பாதயாத்திரைக்காரர் நம் ஊரைக் கடக்கும்போது தண்ணீர் வைப்பது, பிள்ளைகளுக்குப் பரீட்சைக் கருத்தரங்கு, இதெல்லாம் எல்லோரும் செய்கிறார்கள், நாங்களும் செய்தோம். விசேஷமாகச் சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர் மட்டும் சின்னப் போத்தலில் கொடுக்காமல் தாங்கி வைத்துக் கொடுங்கள். அடுத்த நாள் வீதி ஓரம் போத்தல் பொறுக்கிய பிறகு எடுத்த முடிவு அது.

சங்கம் அமைக்கிறவர்களுக்குக் கணக்கைப் பற்றி ஒரு சொல். நாலு பேர் சேர்ந்து வட்ஸ்அப் குழு போட்டு, ஒருவருடைய சொந்த வங்கிக் கணக்கில் காசு சேர்ப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. நல்லெண்ணம்தான், ஆனால் அந்த ஒருவர் காலமானாலோ கனடா போனாலோ காசும் போச்சு, சிநேகமும் போச்சு. வெளிக்காசு வருமென்றால் பதிவு செய்யுங்கள். தன்னார்வ சமூக சேவை நிறுவனங்களைப் பதிவு செய்ய 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் விசாரித்தால் உங்கள் அளவுக்கு எது பொருத்தம் என்று சொல்வார்கள். இரண்டு கையொப்பம், இரண்டும் ஒரே குடும்பம் இல்லை. முகாமையாளர் அதில் கையொப்பக்காரராக இருக்க வேண்டாம் என்பது என் பிடிவாதம். சம்பளம் கொடுக்கிற கதிரையில் இருப்பவரிடம் ஊழியர் யாரும் கணக்குக் கேட்கமாட்டார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வருகிற அழைப்புகள் குறைந்துவிட்டன. பிரதம அதிதி இப்போது புது முகாமையாளர்தான், நியாயம்தானே. அந்தத் தண்ணீர் மெஷின் சங்கத்தின் தலைவியிடமிருந்து மட்டும் போன கிழமை அழைப்பு வந்தது. பில்டர் விலை ஏறிவிட்டதாம், லீற்றருக்கு ஐம்பது சதம் கூட்டப் போகிறார்களாம். அது கூடுதல் என்று நான் சொன்னேன். கொப்பியை எடுத்து ஆறு மாதக் கணக்கை வாசித்துக் காட்டினார். பிறகு, "ஐயா, நாங்க உங்களிட்டக் கேக்கேல்ல, சொல்றம். கூட்டம் சனிக்கிழமை. ஏலுமெண்டா வாங்க, ஏலாட்டிப் பரவாயில்ல," என்றார். சனிக்கிழமை பேரப்பிள்ளைக்கு டியூஷன் இருக்கிறது, நான் போகப்போவதில்லை.